கம்பியின் மேல் வளர்ந்த தோல்

நாகல் நகர், திண்டுக்கல்
12.7.1999

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சகாயராஜ் எழுதுவது. சர்வேசுரன் புண்ணியத்தில் உயிரோடுதான் இருக்கிறேன். ரோஸ்மேரி உனக்குத் தந்தி கொடுத்தாளாம். 'ஜெபிக்கிறேன்' என்று நீ மறுதந்தி கொடுத்தாயாம். ஜெபம் வந்து சேர்ந்தது, நீ வந்து சேரவில்லை. கோபப்பட்டால் நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் கோபத்தைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன், முதலில் நடந்ததைக் கேள்.

எரியோட்டில் முத்துச்சாமி தோட்டத்துக்கு பைப் இறக்கப் போனேன். லோடுமேன் ஒருத்தன் வரவில்லை. கடை முதலாளி என்று சும்மா நிற்க முடியுமா, ஒரு பக்கம் நானே பிடித்தேன். திடீரென்று யாரோ நெஞ்சில் முழங்காலை ஊன்றி அழுத்துவது போல் இருந்தது. சட்டை தெப்பமாக நனைந்துவிட்டது. முத்துச்சாமி ஓடி வந்து, "வாய்வுதேன் அண்ணாச்சி, ஒரு சோடாவக் குடிங்க, சரியாப் போகும்" என்றார். குடித்தேன். ஏப்பம் வந்தது, வலி போகவில்லை. அதே லாரியில் போட்டு திண்டுக்கல் கொண்டுவந்து, அங்கிருந்து மதுரைக்குக் கொண்டுபோனார்கள்.

அக்கா, இனிமேல் சொல்வதை நம்பு. எனக்கு மயக்க மருந்து கொடுக்கவில்லை. தொடையில் ஒரு சின்னத் துளை போட்டு ஒரு வயரை உள்ளே விட்டார்கள். அது வயிற்றைத் தாண்டி நெஞ்சுக்குப் போகிறதாம், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு டிவி. அதில் என் நெஞ்சு! கறுப்பாக வேர் வேராக ஓடுகிறது, துடிக்கிறது. ஐம்பது வருஷமாக இது எனக்குள்ளே நான் தூங்கும்போதும் வேலை பார்த்திருக்கிறது, ஒரு நாள்கூட நான் அதன் முகத்தைப் பார்த்ததில்லை. என்னையறியாமல் கும்பிட்டுவிட்டேன். "கையை ஆட்டாதீங்க" என்று ஒரு அதட்டல் விழுந்தது.

ஒரு வேர் நடுவில் நூலாகச் சுருங்கியிருந்தது. அங்கே பலூனை ஊதி, ஸ்டென்ட் என்று ஒரு கம்பிச் சுருளை விரித்து வைத்தார்கள். மறு நிமிஷம் அந்த வேர் முழுக்க நிறைந்து ஓடியது. வலி போன இடம் தெரியவில்லை. பைப் வியாபாரி இல்லையா, வாய் சும்மா இருக்குமா? "எம்புட்டு வருசம் சார் கேரண்டி?" என்று கேட்டேன். டாக்டர் சிரித்தார். நானே சொல்லிக்கொண்டேன், இரும்பு இரும்புதான், இனி ஆயுசுக்கும் கவலை இல்லை என்று.

இப்போது கோபம். அம்மா அடக்கத்துக்கு நீ வரவில்லை. செய்தி பிந்தி வந்தது என்றாய், ஒத்துக்கொண்டேன். ஆனால் அதோடு மடத்தில் கொடுக்கிற வீட்டு லீவையே சாமிக்கு ஒப்புக்கொடுத்துவிட்டேன், இனி திண்டுக்கல் மண்ணை மிதிக்க மாட்டேன் என்று ஒரு ஒறுத்தல் எடுத்தாயே, அதை இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. தம்பி செத்துப் பிழைத்தாலும் அந்த ஒறுத்தல் நிற்குமா?

அன்புத் தம்பி,
சகாயராஜ்

*

மடத்து ஆஸ்பத்திரி, கும்லா மாவட்டம், பீகார்
2.8.1999

இயேசுவில் அன்பு மிக்க தம்பிக்கு,

உன் கடிதத்தை நோயாளிகளுக்கு நடுவில் நின்றே படித்தேன். அழுதேன். இங்கே மலேரியாக் காலம், ஒரு கட்டிலில் இரண்டு பேர் கிடக்கிறார்கள், நான் அழுவதைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸ் வேலை பார்க்கிறேன். நீ பார்த்ததை நான் பார்த்ததில்லை. நெஞ்சில் கையை வைத்திருக்கிறேன், காதை வைத்திருக்கிறேன். துடிக்கிற நெஞ்சை அதன் சொந்தக்காரன் படுத்துக்கொண்டே பார்த்தான் என்றால், அது எப்பேர்ப்பட்ட கொடுப்பினை! மடத்துத் தலைவி மதரிடம் சொன்னேன். அவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

ஆனால் ஒன்று. உன் கடையில் விற்கிற பைப்பையும் இதையும் ஒன்றாக நினைக்காதே. ஆஸ்பிரின், பிரஷர் மாத்திரை, கொழுப்பு மாத்திரை, மூன்றையும் ஒரு நாள்கூட விடக்கூடாது. சுருட்டைத் தொட்டாய் என்று உன் பெண்டாட்டி ரோஸ்மேரி எழுதினால் உன்னோடு பேச மாட்டேன். ஆட்டுக்கறி, முட்டை எல்லாம் போதும், தின்றவரைக்கும் லாபம் என்று வைத்துக்கொள்.

ஒறுத்தலைப் பற்றிக் கேட்டாய். யாரும் என்னைத் தடுக்கவில்லை. மற்ற சிஸ்டர்கள் முறைப்படி வீட்டுக்குப் போய் வருகிறார்கள். அம்மா முகத்தைப் பார்க்காத குறையை அம்மாவின் ஆத்துமத்துக்காகவே ஒப்புக்கொடுத்தேன். கொடுத்ததைத் திரும்பக் கேட்க எனக்கு வாய் வராது தம்பி. நீ பிழைத்த அன்று இங்கே கோயிலில் முழங்காலில் இருந்தேன். அது வந்த மாதிரி இல்லையா?

அன்பு அக்கா,
சிஸ்டர் ஸ்தனிஸ்லாஸ்

*

திண்டுக்கல்
10.3.2003

அன்புள்ள அக்காவுக்கு,

இல்லை. அது வந்த மாதிரி இல்லை. போன மூன்று கடிதத்திலும் இதைத்தான் எழுதினேன், இதிலும் எழுதிவிட்டேன், இனி நல்ல செய்திக்கு வருகிறேன்.

நான் கல்லாக இருக்கிறேன். கடை நன்றாக ஓடுகிறது. உன் மருமகள் அனிஷா பத்தாம் வகுப்பு, கணக்கில் புலி, வாயில் அவள் அம்மா. போன வாரம் விபூதிப் புதன் பூசையில் பங்குச்சாமியார், "இந்தத் தபசு காலத்தில் உங்களுக்குப் பிரியமானதை விடுங்கள்" என்று பிரசங்கம் வைத்தார். வெளியே வந்ததும் எல்லாருக்கும் இதே பேச்சு. ஞானராஜ் கறியை விட்டாராம். சூசைமாணிக்கம் சீட்டாட்டத்தை விட்டாராம். "நீங்க எதை விடுறீக சகாயம்?" என்று என்னைக் கேட்டார்கள்.

நான் எதை விடுவது, நீயே சொல். கறியை டாக்டர் பிடுங்கிக்கொண்டார். முட்டையைப் பிடுங்கிக்கொண்டார். சுருட்டை நீ பிடுங்கிக்கொண்டாய். உப்பில்லாத வெஞ்சனத்தைத் தின்றுகொண்டு வருஷம் முழுக்கத் தபசு காலமாக இருக்கிறவனிடம் விடுவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? யோசித்து யோசித்து, இரண்டு வருஷத்துக்கு முன்பே ஒன்றைக் கண்டுபிடித்தேன். நாற்பது நாளும் மாத்திரையை விட்டுவிடுகிறேன். மூன்றையும். டாக்டரை நம்பாமல், ஆஸ்பிரினை நம்பாமல், சர்வேசுரனையும் உள்ளே இருக்கிற இரும்பையும் மட்டும் நம்பி இருக்கிறேன். ஈஸ்டர் அன்று பூசை முடிந்து வந்து திரும்ப ஆரம்பிப்பேன். இது மூன்றாவது வருஷம். ஒன்றும் ஆகவில்லை. படி ஏறுகிறேன், லோடு ஏற்றுகிறேன், சிலுவைப் பாதைக்கு மலையடிவாரம் வரை நடந்தே போகிறேன்.

ரோஸ்மேரிக்குத் தெரியாது. உன்னிடம் சொல்கிறேன், நீ சந்தோஷப்படுவாய் என்று.

தம்பி,
சகாயராஜ்

*

கும்லா, ஜார்க்கண்ட் (இனி பீகார் என்று எழுதாதே)
24.3.2003

தம்பி,

அட மடப்பயலே! சந்தோஷப்படுவேனா? கடிதத்தைப் படித்த கையோடு, ஊசி போட வேண்டிய பிள்ளையை இன்னொரு சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

சாமி உன்னிடம் மாத்திரையைக் கேட்டாரா? எந்தச் சாமியார் சொன்னார், எந்த வேதத்தில் இருக்கிறது? நாக்குக்குப் பிரியமானதை விடச் சொன்னால் உயிருக்கு வேண்டியதை விடுகிறாயே. இது பக்தியில்லை, திமிர். இரும்பு பார்த்துக்கொள்ளும் என்கிற திமிர். இந்தக் கடிதம் கிடைத்ததும் தண்ணீரை எடு, மாத்திரையைப் போடு. ரோஸ்மேரிக்கும் தனியாக எழுதியிருக்கிறேன்.

ஒறுத்தலைப் பற்றி உனக்கு ஒன்றும் தெரியாது. விளையாடாதே.

சிஸ்டர் ஸ்தனிஸ்லாஸ்

*

திண்டுக்கல்
7.4.2003

சிஸ்டர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ரோஸ்மேரிக்கு எழுதியதும் கிடைத்தது. வீட்டில் இரண்டு நாள் அடுப்பு எரியவில்லை. நன்றி.

நீங்கள் பெற்றவளையும் கூடப்பிறந்தவனையும் விட்டீர்கள். அதை ஒறுத்தல் என்று எல்லாரும் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். நான் மூன்று மாத்திரையை விட்டால் திமிர். என் மாத்திரை என் உடம்புக்கு மட்டும்தான் சொந்தம். நீங்கள் சாமிக்குக் கொடுத்தது எனக்கும் சொந்தமானது. என்னைக் கேட்டா கொடுத்தீர்கள்?

இனி எழுத வேண்டாம்.

அ. சகாயராஜ்

*

கும்லா
15.12.2005

அன்புள்ள தம்பிக்கு,

போன வருஷக் கிறிஸ்துமஸ் கடிதத்துக்கும் அதற்கு முந்தினதுக்கும் பதில் இல்லை. இதற்கும் வராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அனிஷா காலேஜ் சேர்ந்ததை ரோஸ்மேரி எழுதினாள். நீ வீம்புக்கு இன்னும் தபசு காலத்தில் மாத்திரையை ஒதுக்குகிறாய் என்றும் எழுதினாள். பாவமாக இருக்கிறது, யார் மேல் என்று தெரியவில்லை. இங்கே முதல் தடவையாக ஈசிஜி மெஷின் வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அந்தக் காகிதத்தில் கோடு மேலும் கீழும் ஏறி இறங்கும்போது உன்னை நினைக்கிறேன். நன்றாக இருக்கிறாயா என்று ஒரு வரி போடு. திட்டியாவது போடு.

அக்கா

*

நாகல் நகர், திண்டுக்கல்
18.1.2009

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். போன் பண்ணச் சொன்னாள் ரோஸ்மேரி. உன் மடத்துப் போனில் இரைச்சலுக்கு நடுவில் கத்திச் சொல்கிற செய்தி இல்லை இது.

திரும்ப வந்துவிட்டது அக்கா. அதே முழங்கால், அதே இடம். நவம்பரில் கோயில் படி ஏறும்போது லேசாகத் தொட்டது. வாய்வு என்று நினைத்தேன், நானே சோடா குடித்தேன். கிறிஸ்துமஸுக்குப் பிறகு கடையில் ஒரு மோட்டாரை நகர்த்தும்போது வந்தது. போன வாரம் உட்கார்ந்திருக்கும்போதே வந்தது. திண்டுக்கல் டாக்டர், "பழைய ஸ்டென்ட்டுக்குள்ளயே அடைச்ச மாதிரி தெரியுது, உடனே சென்னைக்குப் போயி உள்ள கேமரா விட்டுப் பாத்துருங்க" என்கிறார்.

இரும்புக்குள்ளேயே அடைக்குமா? பத்து வருஷம் ஆடாமல் அசையாமல் இருந்ததே! போர்வெல் பைப்பில் உப்புப் பிடித்து ஓட்டை சுருங்குவதை எத்தனை தோட்டத்தில் பார்த்திருக்கிறேன். அது போலத்தானா? அப்படியானால் உப்பை ஊற்றியவன் நான்தான். நீ எழுதிய பிறகும் நான் நிறுத்தவில்லை. உன்மேல் உள்ள வீம்பில் ஒவ்வொரு தபசு காலமும் விட்டேன், போன வருஷம் வரைக்கும் விட்டேன். ரோஸ்மேரி மாத்திரையைக் கையில் கொடுப்பாள், வாயில் போட்டு நாக்குக்கடியில் ஒதுக்கி, கொல்லைப்பக்கம் போய்த் துப்புவேன்.

அனிஷாவுக்கு மே மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை ரொனால்டு, சித்தையன்கோட்டைக்காரன், நல்ல பையன். எனக்குச் சென்னைக்குப் போகப் பயமாக இருக்கிறது. கல்யாணத்தை முடித்துவிட்டுப் போகிறேன் என்கிறேன். ரோஸ்மேரியும் அனிஷாவும் அழுகிறார்கள். படுத்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று மனதில் ஒன்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. இது தண்டனை என்றும் சொல்கிறது. நீ நர்ஸ், நீ கன்னியாஸ்திரி, இரண்டுக்கும் சேர்த்து ஒரு பதில் சொல். நானே என்னைக் கொன்றுகொண்டேனா?

தம்பி

*

கும்லா
29.1.2009

என் தங்கத் தம்பிக்கு,

ஆறு வருஷம் கழித்து உன் கையெழுத்து. உறையைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

நர்ஸாகச் சொல்கிறேன்: கல்யாணம் வரைக்கும் காத்திருக்காதே. உட்கார்ந்திருக்கும்போதே வலி வருகிறதென்றால் அது கெடு கொடுக்காது. இந்தக் கடிதம் வந்த அன்றே ரயில் ஏறு. அனிஷா கையைப் பிடித்துக் கொடுக்க உனக்கு உயிர் வேண்டும், பந்தல் வேலையை யார் வேண்டுமானாலும் பார்ப்பார்கள்.

கன்னியாஸ்திரியாகச் சொல்கிறேன்: தண்டனை இல்லை. நாக்குக்கடியில் மாத்திரையை ஒளிக்கிற கிழவனைத் தண்டிப்பதுதான் சர்வேசுரனுக்கு வேலையா? அவர் சிரித்திருப்பார். நான்தான் சிரிக்கவில்லை.

அக்காவாகவும் ஒன்று சொல்ல வேண்டும். 'என்னைக் கேட்டா கொடுத்தீர்கள்' என்று அன்றைக்கு எழுதினாய். அந்தக் கேள்விக்குப் பதில் தேடினேன். ஆறு வருஷத்தில் கிடைக்கவில்லை. அதனால் வாக்கை மாற்றிவிட்டேன் என்று நினைக்காதே, அது வேறு. ஆனால் உன் கேள்வி நியாயமான கேள்வி.

போ தம்பி. பயத்தோடேயே போ. பயம் போன பிறகு போகலாம் என்றால் யாருமே எங்கேயும் போக முடியாது.

அக்கா

*

சென்னை
22.2.2009

அன்புள்ள அக்காவுக்கு,

போனேன். பிழைத்தேன். இப்போது சொல்லப்போவதை எந்தப் பாஷையில் சொல்வது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இங்கே டாக்டர் ஒரு பொம்பளைப் பிள்ளை. ஆனந்தி என்று பெயர், ஒட்டன்சத்திரத்துக்காரி. என் ஊரைக் கேட்டதும், "ஏனுங்க, நம்ம பக்கம் தானுங்களா?" என்று அவர்கள் பேச்சில் கேட்டாள். எனக்குப் பாதிப் பயம் அங்கேயே போய்விட்டது. இந்தத் தடவை தொடை இல்லை, மணிக்கட்டு வழியாகப் போனார்கள். ரத்தக்குழாய்க்குள்ளேயே போய்ப் படம் எடுக்கிற ஒரு புதுக் கேமரா வந்திருக்கிறதாம், வெளிச்சத்தை வைத்துப் பார்ப்பது. அதை உள்ளே விட்டாள்.

போன தடவை என் நெஞ்சை வெளியே இருந்து பார்த்தேன். இந்தத் தடவை உள்ளே இருந்து பார்த்தேன் அக்கா. திரையில் வாழைத்தண்டை வட்டமாக நறுக்கி வைத்த மாதிரி ஒரு படம். நடுவில் கறுப்பாக ஓட்டை, சுற்றிலும் சதை. சதைக்குள்ளே பளிச் பளிச்சென்று வட்டமாகச் சில புள்ளிகள். "அந்தப் புள்ளியெல்லாம் என்னம்மா?" என்று கேட்டேன். "அதுதானுங்க உங்க பழைய ஸ்டென்ட்டோட கம்பி" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. கம்பி ஓட்டையின் ஓரத்தில் அல்லவா இருக்க வேண்டும்? உள்ளே ரத்தம் உரசிக்கொண்டு ஓட வேண்டும். இது சதைக்குள்ளே புதைந்து கிடக்கிறது. அவள் வேலையை நிறுத்தாமலே சொல்லிக்கொண்டு வந்தாள். "வச்ச கொஞ்ச மாசத்துலயே உங்க உடம்பு அந்தக் கம்பி மேல புதுசா ஒரு தோல் வளத்து மூடிருச்சுங்க. அது ரொம்ப நல்ல காரியம். மூடாம இருந்திருந்தா நீங்க மாத்திரைய நிறுத்தின மொத வருசமே அந்தக் கம்பியில ரத்தம் ஒறஞ்சு அன்னைக்கே போயிருப்பீங்க."

ஆமாம், ஒறுத்தல் கதையை அவளிடம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. "எனக்கு இந்த மாதிரி ஒருத்தரும் சொன்னதில்லீங்க" என்றாள்.

நினைத்துப் பார். நான் இரும்பை நம்பினேன். நான் வாயில் ஒதுக்கித் துப்பிக்கொண்டிருந்தபோது, யாரும் சொல்லாமல், யாரும் பார்க்காமல், உள்ளே ஒன்று அந்த இரும்பைப் பிள்ளையைப் போர்த்துகிற மாதிரி போர்த்திக்கொண்டிருந்திருக்கிறது. அந்நியச் சாமானை வெளியே தள்ளவில்லை. என்னதென்று கேட்கவும் இல்லை. தன்னுடையது என்று எடுத்துக்கொண்டது. மாத்திரையைச் சாமிக்குக் கொடுத்தேன் என்று பீற்றிக்கொண்டேனே, கொடுத்தது நானா? மனசுக்குள் நான் பெருமையடித்த நாற்பது நாளும் என்னைக் காப்பாற்றியது அந்தத் தோல்தான். மேஜையில் படுத்திருக்கிறேன், காதில் கண்ணீர் இறங்குகிறது. "வலிக்குதுங்களா?" என்றாள். இல்லையம்மா என்றேன்.

"அப்ப அடைப்பு எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டேன். திரையில் ஓரிடத்தைக் காட்டினாள். கம்பிப் புள்ளிகளுக்கும் ஓட்டைக்கும் நடுவில், அந்தப் புதுத் தோலுக்குள்ளேயே, மங்கலாக நிழல் விழுந்தது போல் ஒரு திட்டு. "அது கொழுப்புங்க. பழைய கொழுப்பு இல்ல. ஸ்டென்ட்டுக்குள்ள வளர்ந்த தோல்லயே வருசம் போகப்போக அதே வியாதி புதுசா வந்துருக்குது." உப்புப் படிந்த பைப்பே இல்லை, அக்கா. நீ முதல் கடிதத்திலேயே சொன்னாய், பைப் என்று நினைக்காதே என்று. உயிருள்ள தோல் அது. உயிருள்ளதாக இருந்ததால் என்னைக் காத்தது, உயிருள்ளதாக இருந்ததால் அதற்கும் என் குடும்பத்து வியாதி வந்தது. தாத்தாவுக்கு வந்தது, அப்பாவுக்கு வந்தது, எனக்கு வந்தது, எனக்குள்ளே பத்து வயசான அந்தத் தோலுக்கும் வந்துவிட்டது.

"நான் மாத்திரையை விட்டதாலயா?" என்று கேட்டேன். "அதுவும் சேந்திருக்குமுங்க, இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு நாள் விடாம முழுங்கினவங்களுக்கும் இது வருதுங்க. ஏன் சிலருக்கு வருது, சிலருக்கு வரலைன்னு எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியாது" என்றாள். இவ்வளவு பெரிய மெஷினை வைத்துக்கொண்டு, தெரியாது என்று அந்தப் பிள்ளை சொன்னது எனக்கு என்னவோ பூசையில் நிற்கிற மாதிரி இருந்தது.

பழைய கம்பிக்குள்ளேயே இன்னொரு கம்பியை விரித்து வைத்திருக்கிறாள். இது மருந்து பூசியது. அது திறந்து கொடுத்ததும் ரத்தம் குபுகுபுவென்று நிறைந்து ஓடியதைப் பார்த்தேன். இதற்கும் கேரண்டி இல்லை என்று அவளே சொல்லிவிட்டாள், நான் கேட்கவில்லை. இதன் மேலும் தோல் வளரும், மெதுவாக வளருமாம். மாத்திரையை இந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான் என்றாள். விட மாட்டேன் அக்கா. சத்தியமாக விட மாட்டேன்.

புதன்கிழமை தபசு காலம் ஆரம்பம். இனி நான் எதை விடுவது? விளையாட்டுக்குக் கேட்கவில்லை, உண்மையிலேயே கேட்கிறேன்.

தம்பி,
சகாயராஜ்

*

கும்லா
8.3.2009

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு அறையில் எல்லா சிஸ்டர்களுக்கும் இந்தியில் மாற்றி வாசித்துக் காட்டினேன். கம்பியை உடம்பு போர்த்தியது என்ற இடத்தை இரண்டு தடவை வாசித்தேன். அன்று ராத்திரி ஜெபத்திலும் இதே நினைப்புதான். இத்தனை வருஷம் எத்தனை உடம்பைக் கழுவியிருக்கிறேன், கட்டுப் போட்டிருக்கிறேன். ஆறுகிற புண்ணை நான்தான் ஆற்றினேன் என்று உள்ளூர ஒரு நினைப்பு எனக்கும் உண்டு. நான் கட்டு மட்டும்தான் போட்டேன் போலிருக்கிறது.

எதை விடுவது என்று கேட்டாய். என்னைத் திட்டுவதை விடு. வாயால் மட்டுமில்லை, மனதாலும். உனக்கு அதைவிடப் பிரியமானது வேறு ஒன்றும் இல்லை என்று ரோஸ்மேரி எழுதுகிறாள்.

கல்யாணத்துக்கு என் ஜெபம் எப்போதும் உண்டு. வேறு ஒன்றும் கேட்காதே. எனக்கு வயசு அறுபத்துமூன்று, கொடுத்ததைப் பிடித்துக்கொண்டே காலத்தை ஓட்டியாயிற்று.

அக்கா

*

நாகல் நகர், திண்டுக்கல்
13.4.2009, ஈஸ்டர் திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னதைச் செய்தேன். சுருட்டை விட்டதைவிடக் கஷ்டமாக இருந்தது. காலையில் மாத்திரையைப் போடும்போதே உன் நினைப்பு வரும், வாய் தானாகத் திறக்கும், ரோஸ்மேரி விரலைக் காட்டுவாள், மூடிக்கொள்வேன். இரண்டு தடவை தவறிவிட்டேன். ஒரு தடவை அம்மா கல்லறையில் வெள்ளை அடிக்கும்போது. இன்னொரு தடவை பத்திரிகை அடிக்கிற கடையில், 'பெண்ணின் அத்தை' என்று உன் வீட்டுப் பெயரைப் போடலாமா வேண்டாமா என்று அவன் கேட்டபோது. போடச் சொல்லிவிட்டேன்.

நேற்று விடியற்காலைப் பூசை முடிந்து வந்தோம். வீட்டில் எல்லாருக்கும் கறி, எனக்கு மட்டும் அவித்த மீன். ரோஸ்மேரி தட்டை வைத்துவிட்டு, "தபசு முடிஞ்சுபோச்சு. நாப்பது நாளு அடக்கி வச்சீகள்ல, இனி ஒங்க அக்காவ ஆசைதீரத் திட்டிக்கங்க" என்றாள். அனிஷா சிரித்தாள். நானும் திட்டத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு முன்னால், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதேன். திட்டிக்கொண்டே இருந்ததால்தான் இத்தனை வருஷம் அழாமல் இருந்திருக்கிறேன் போலிருக்கிறது.

அதனால் கேட்காதே என்று நீ எழுதியதைக் கேட்கிறேன். எனக்குள்ளே இருக்கிறது எந்த விலையும் கேட்காமல் என்னைக் காப்பாற்றியது. நான் கொடுத்த மாத்திரையை அது வாங்கிக்கொள்ளவே இல்லை. நீ கொடுத்ததை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, தம்பி முகத்தைப் பார்க்க விடமாட்டேன் என்று சொல்லுமா? எனக்கு வேதம் தெரியாது, உனக்குத் தெரியும், யோசித்துப் பார். அம்மா ஆத்துமம் எப்போதோ மோட்சம் போய்ச் சேர்ந்திருக்கும். இன்னும் சேரவில்லை என்றால் அது நீ வரவில்லையே என்று வாசலில் நிற்பதால்தான் இருக்கும்.

டாக்டர் ஆனந்தி சொன்னதை உனக்கு முழுசாக எழுதவில்லை. இந்தக் கம்பிக்குள்ளும் வரலாம், எப்போது என்று சொல்ல முடியாது என்றாள். பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. இப்போது எனக்குப் பயம் இல்லை, ஆசைதான் இருக்கிறது. உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது உனக்குத் தலை கறுப்பு. இப்போது எப்படி இருக்கிறாய் என்றே எனக்குத் தெரியாது. தெருவில் எதிரே வந்தால்கூட எனக்கு அடையாளம் தெரியாது, அக்கா.

மே பதினெட்டு கல்யாணம். ஜெபம் அனுப்பாதே. வா.

உன் தம்பி,
சகாயம்

*

கும்லா
25.4.2009

ஏலே சகாயம்,

வாரேன்டா. ஒரு வாரம் முந்தியே வாரேன். மதர் டிக்கெட் எடுக்கச் சொல்லிட்டாங்க. ஸ்டேசனுக்கு நீயே வரணும், வேற யாரையும் அனுப்பாத. நரச்ச தலையோட ஒரு குண்டுக் கன்னியாஸ்திரி கண்ணாடியத் தொடச்சுக்கிட்டு நிக்கும், அதுதேன் ஒங்க அக்கா.

சின்னராணி